பல் பிடுங்கிய குழிக்கு ஒரு வேலி

ஏற்காடு மலையில் மஞ்சக்குட்டை காப்பித் தோட்டக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் இடத்தை வெறுமையாக விட்டால் காப்பிக் கன்று நிலைகொள்ளும் முன்னே உண்ணிச்செடி முளைத்துப் படர்ந்துவிடும். பல் பிடுங்கிய குழியிலும் இதுதான் கதை.

குழியில் உறையும் ரத்தத்துக்குள் எலும்புச் செல்கள் அடியிலிருந்தும் பக்கச் சுவர்களிலிருந்தும் மெல்ல ஏறி வரவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஈறோ சில வாரங்களிலேயே மேலே மூடிக்கொள்கிறது. குழியின் சுவர் உடைந்திருந்தால் அந்த மெல்லிய சதை உள்ளேயும் இறங்கி, எலும்பு வரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முன்பற்களுக்கு உதட்டுப் பக்கம் இருக்கும் எலும்புச் சுவர் பலருக்கு 1 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இராது. பல் போனால் அதற்கு வரும் ரத்த ஓட்டமும் குறைந்து, அது கரைந்துபோகும். டென்மார்க்கில் 2003-ல் வெளியான ஆய்வில், கடைவாய்ப் பக்கம் பல் எடுத்தவர்களுக்கு ஓராண்டில் அந்த இடத்தின் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு இழப்பு முதல் மூன்று மாதத்திலேயே நடந்திருந்தது.

அப்படியானால் வேலி போட வேண்டும். 1988-ல் ஸ்வீடனின் கிறிஸ்டர் டாலின் குழுவினர் எலிகளின் தாடையில் இரண்டு பக்கமும் துளையிட்டு, ஒரு பக்கத்தை மட்டும் டெஃப்லான் படலத்தால் மூடினார்கள். ஆறு வாரத்தில் மூடிய துளையை எலும்பு நிரப்பியிருந்தது. திறந்து விட்ட துளையில் பெரும்பாலும் சதைதான். எலும்பை வளரவைக்க மருந்து எதுவும் தேவைப்படவில்லை, இடத்தைக் காத்துக் கொடுத்ததே போதுமாக இருந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

டெஃப்லான் படலத்தை எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். தானே கரையும் கொலாஜன் படலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கொலாஜன் என்றால் நமக்கு அன்னியமில்லை. அதன் மூவிழை முறுக்கு வடிவத்தை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டு சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோலிலுள்ள அதே புரதத்தைத் தீப்புண்ணுக்குப் போடும் படலமாக்கியது.

பல் குழிக்குப் போடும் கொலாஜன் படலத்தைக் கையில் எடுத்தால் காய்ந்த அப்பளம் போல் இருக்கும். நனைத்தால் குழைந்துவிடும். குழிக்குள் எலும்புத் துகளை இட்டு, படலத்தை விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஈறுக்கடியில் செருகித் தைக்கிறார்கள். துகள் முக்கியம், அது இல்லையென்றால் பெரிய குழியில் படலம் உள்ளே சரிந்துவிடும். நான்கிலிருந்து ஆறு மாதத்தில் செயற்கைப் பல்லைத் தாங்கும் இம்பிளாண்ட் திருகைப் பொருத்த இடம் கிடைக்கும்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. செலவும் உண்டு. ஆனால் செய்வதாயிருந்தால் பல்லைப் பிடுங்கும் அன்றே செய்வது எளிது. எலும்பு தேய்ந்த பிறகு வந்தால் பெரிய அறுவை. அதனால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் பல் பிடுங்கப் போகிறவர்கள், நாற்காலியில் உட்காரும் முன்பே, "டாக்டர், இந்த இடத்தில் பின்னால் பல் கட்ட வேண்டுமென்றால் எலும்பு தாங்குமா?" என்று கேட்டுவிடுங்கள். சர்க்கரை இருந்தால் மறைக்காதீர்கள். பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள், ஏனென்றால் புகை தையலை ஆறவிடாது. தையல் விட்டுப் படலம் வெளியே தெரிந்தால், "ஊருக்குள்ளேயே பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்காமல் அடுத்த பேருந்தைப் பிடியுங்கள்.