மண்டியிட்டுப் பெயின்ட் அடிக்கும் பெண் விமானிகள்

விமானம் ஓட்டத் தெரிந்த பெண்கள் சங்கம் வைத்தால் என்ன செய்வார்கள்? கூட்டமாக வானத்தில் பறப்பார்கள் என்றுதான் தோன்றும். அமெரிக்காவின் ‘நைன்ட்டி நைன்ஸ்’ சங்கத்தின் உள்ளூர்க் கிளைகள் அதையும் செய்கின்றன. ஆனால் வருடத்தில் சில வார இறுதிகளில் இந்தப் பெண்களைத் தரையில்தான் பார்க்க முடியும். கையில் ரோலர், பக்கத்தில் பெயின்ட் வாளி, முழங்காலுக்கடியில் சுடும் தார்த்தரை. ஊர்ப்புறத்துச் சின்ன விமானத் திடல்களில் திடலின் பெயரை ஆள் உயரத்துக்கும் பெரிய எழுத்துகளில் எழுதுகிறார்கள். திசை காட்டும் பெரிய வட்டங்களை வரைகிறார்கள்.

அந்த வட்டம் அலங்காரக் கோலம் அல்ல. விமானி தன் விமானத்தை அதன் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, ஒவ்வொரு திசையாகத் திருப்பி, காக்பிட்டில் இருக்கும் காம்பஸ் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பார். எத்தனை டிகிரி பிசகு என்பதை ஓர் அட்டையில் குறித்துக் கண்ணெதிரே ஒட்டிக்கொள்வார். வட்டம் காந்த வடக்கைப் பார்த்து இருக்க வேண்டும். அடியில் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் இருந்தால் பயன்படாது. பூமியின் காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால், பல வருடங்களுக்கு முன் வரைந்த வட்டம் இன்று பொய் சொல்லும். ஆகவே பழையதை அழித்து, அளந்து, புதிதாக வரைகிறார்கள். கூலி கிடையாது.

கூரையில் எழுதிய வரைபடம்

இந்த வேலைக்கு வயது ஏறத்தாழ தொண்ணூறு. 1935-ல் அமெரிக்க அரசு, வழி தவறும் விமானிகளுக்காக ஊர்ப் பெயர்களைக் கட்டடக் கூரைகளில் எழுதும் திட்டத்தைத் தொடங்கியது. கொட்டகை, தொழிற்சாலை, தண்ணீர்த் தொட்டி என்று எது உயரமாக இருந்ததோ அதன்மேல், 15 மைலுக்கு ஒரு குறி. மேலிருந்து பார்த்தால் ஊர்ப் பெயர் தெரியும், வடக்கு தெரியும், பக்கத்து விமானத் திடலுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதும் தெரியும். ரேடியோ வசதி எளிதில் கிடைக்காத அந்தக் காலத்தில் அது உயிர் காக்கும் எழுத்து.

திட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஃபீபி ஓம்லி என்ற பெண் விமானி. ஊர் ஊராகப் பறந்து போய், கூரைக்குச் சொந்தக்காரர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கியவர்களில் லூயிஸ் தேடன், ஹெலன் ரிச்சி, பிளாஞ்ச் நோயஸ் ஆகியோரும் உண்டு. நோயஸின் கணவரும் விமானிதான். 1935-ல் விபத்தில் இறந்தார். அடுத்த வருடமே நோயஸ் தேடனுடன் சேர்ந்து, ஆண்களும் போட்டியிட்ட பெண்டிக்ஸ் கோப்பைப் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். பிறகு ஆண்டுக்கணக்கில் கூரைக் குறிகளே அவருக்கு வாழ்க்கை ஆயின. உலகப்போர் வந்ததும், எதிரி விமானங்களுக்கு அவை வழிகாட்டிவிடுமோ என்ற பயத்தில், கரையோர மாநிலங்களில் தான் எழுத வைத்த குறிகளைத் தானே அழிக்க வைக்க வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் மறுபடி எழுத வைத்தார்.

நூறு டாலர் ஹாம்பர்கர்

பெயின்ட் அடிக்காத வாரங்களில் பறக்கிறார்கள். ஐந்து திடல்களில் இறங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு வாங்கிவந்து, கடைசியில் யார் கையில் நல்ல சீட்டுகள் சேர்ந்தன என்று பார்க்கும் ‘போக்கர் ரன்’ ரொம்பப் பிரபலம். மாவு நிரப்பிய காகிதப் பையைத் தாழப் பறந்து இலக்கின்மேல் போடும் போட்டி ஒன்று. தரையில் போட்ட கோட்டுக்கு யார் நெருக்கமாக இறங்குகிறார் என்ற போட்டி ஒன்று. ஒன்றுமே தோன்றவில்லையென்றால் பக்கத்துத் திடலில் இருக்கும் உணவகத்துக்குப் பறந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். பெட்ரோல் செலவையும் சேர்த்தால் கட்டுப்படியாகாத விலை என்பதால் விமானிகள் அதை ‘நூறு டாலர் ஹாம்பர்கர்’ என்றே சொல்வார்கள்.

உள்ளூர் மக்களுக்காகவும் நிகழ்ச்சிகள் உண்டு. ஒருகாலத்தில் பல கிளைகள், வருபவரைத் தராசில் நிறுத்தி, பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று எடைக்கு ஏற்பக் கட்டணம் வாங்கி, ஊருக்கு மேல் ஒரு சுற்று சுற்றிக் காட்டின. சேர்ந்த பணம் உதவித்தொகைக்குப் போனது. எடை குறைந்த குழந்தைகளுக்குக் கட்டணமும் குறைவு. முதன்முதலாகத் தங்கள் வீட்டுக் கூரையை மேலிருந்து பார்த்த சிறுமிகள் எத்தனை பேர் இருப்பார்கள்!

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பறக்கக் கற்பதற்குப் பணம், நேரம் இரண்டையும்விட முதலில் தேவைப்படுவது, அந்த வேலையைச் செய்யும் ஒருவரைக் கண்ணால் பார்ப்பது. புகழ்பெற்ற விமானி அமீலியா ஏர்ஹார்ட்டின் கதையே அதுதான். 1920 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் பத்து டாலர் கொடுத்துப் பத்து நிமிடம் பறந்தார். சில வாரங்களில், நீட்டா ஸ்னூக் என்ற பெண்ணிடமே கற்றுக்கொள்ள ஊர் ஓரத்துத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தார். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்ணான ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் மலைமேல் கிளைடர்கள் எழும்புவதைப் பார்த்து வளர்ந்தவர். பார்ப்பதற்குத் திடல் இருந்தது, அதுதான் தொடக்கம்.

பிறந்த இடத்தில் கார் நிறுத்தம்

1929 நவம்பர் 2. நியூயார்க் லாங் தீவின் வேலி ஸ்ட்ரீமில் இருந்த கர்ட்டிஸ் திடலின் ஹேங்கரில் 26 பெண்கள் கூடினார்கள். மெக்கானிக்குகள் ஸ்பானர் வைத்துத் தள்ளும் வண்டியில் தேநீர் வந்தது. அப்போது நாட்டில் லைசென்ஸ் வைத்திருந்த பெண்கள் 117 பேர்; அவர்களில் 99 பேர் சேர்ந்ததால் சங்கத்துக்கு அந்த எண்ணே பெயரானது. அதே வருடம் ஆகஸ்டில் சான்டா மோனிகாவிலிருந்து கிளீவ்லேண்டு வரை நடந்த பெண்கள் விமானப் பந்தயத்தில்தான் இவர்களில் பலர் ஒருவரையொருவர் நெருங்கி அறிந்தார்கள். அந்தப் பந்தயத்தில் மார்வல் கிராஸன் இறந்தார். பெண்கள் பறப்பதை நிறுத்த வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. மற்றவர்கள் நிறுத்தாமல் முடித்தார்கள்.

அந்த இரண்டு இடங்களும் இன்று எப்படி இருக்கின்றன? கர்ட்டிஸ் திடல் இருந்த இடத்தில் ஷாப்பிங் மால். சான்டா மோனிகா விமான நிலையத்தை 2028 முடிவுக்குப் பிறகு மூடிவிடலாம் என்று 2017-லேயே ஒப்பந்தமாகிவிட்டது. லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பிய ரூஸ்வெல்ட் திடலும் மால்தான். சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் திடலில் 2003 மார்ச் 30 இரவு புல்டோசர்கள் வந்து ஓடுபாதையை எக்ஸ் வடிவில் தோண்டிப்போட்டன. விடிந்தபோது 16 விமானங்கள் வெளியேற வழியில்லாமல் நின்றன.

அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய விமானத் திடல்கள் ஏறத்தாழ 5,000 இருக்கின்றன. நாலைந்து போனால் என்ன என்று கேட்கலாம். நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திடலின் மனைவிலைதான் அதற்கு எமன். போவதெல்லாம் பெண்கள் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்கி ஓடிப்போகக்கூடிய திடல்கள். தனிநபர் லைசென்சுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போ என்றால், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டியவள்தான் முதலில் விலகுவாள். அங்கே விமானி லைசென்ஸ் வைத்திருப்பவர்களில், பயிற்சி பெறுபவர்களைச் சேர்த்தாலும், பெண்கள் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்தப் பங்கும் சுருங்கிவிடுமோ என்பதே என் பயம்.

விமானச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது, சிறு விமானங்களின் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் சொல்வதும் நியாயமான புகார்தான். அதற்கு மருந்து ஈயமில்லாத எரிபொருள். ஓடுபாதையை உடைப்பது அல்ல.

திடல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் சாட்சி இருக்கிறது. 1939-ல் அமெரிக்க அரசு கல்லூரி மாணவர்களுக்கு ஊர்ப்புறத் திடல்களில் விமானப் பயிற்சி கொடுத்தது. பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கஞ்சத்தனமான கணக்கு. 1941-ல் அதையும் நிறுத்தினார்கள். ஆனாலும் போர்க்காலத்தில் ‘வாஸ்ப்’ என்ற பெண் விமானிகள் படைக்கு ஆட்கள் தேவை என்றதும் 25,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 1,074 பேர் பயிற்சியை முடித்துப் போர் விமானங்களை ஓட்டினார்கள். 38 பேர் உயிர் கொடுத்தார்கள். முன்பே பறந்து பழகிய பெண்கள் இருந்ததால்தான் அந்தப் படையைத் தொடங்கவே முடிந்தது.

இந்தியாவிலும் இந்தச் சங்கத்துக்குக் கிளை உண்டு. நம் விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலக சராசரியைவிட மிக அதிகம். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் லட்சக்கணக்கில் செலவழித்து, வேலைக்காகவே கற்றவர்கள். வார இறுதியில் போய்ப் பறந்து பார்க்க ஓர் ஊர்த் திடல் நமக்கு வாய்க்கவே இல்லை. உளுந்தூர்பேட்டையிலும் செட்டிநாட்டிலும் போர்க்கால ஓடுபாதைகள் பல பத்தாண்டுகள் சும்மா கிடந்தன. சோழவரம் ஓடுபாதையில் பந்தயக் கார்கள் ஓடின.

பெண்களுக்குப் பயிற்சி உதவித்தொகை அறிவிப்பதும், மகளிர் தினத்தன்று பெண்கள் மட்டுமே இயக்கும் விமானத்தைப் படம்பிடித்துப் போடுவதும் நல்லதுதான். நைன்ட்டி நைன்ஸ் பெண்கள் அதைவிட அடிப்படையான ஒன்றைச் செய்கிறார்கள். ஆள் வராத திடலுக்கு ஆள் வரவைக்கிறார்கள். ஊர்க்காரர்களை விமானத்தில் ஏற்றி, இது உங்கள் திடல் என்று உணரவைக்கிறார்கள். பயன்பாட்டில் இருக்கும் திடலை விற்கத்தான் யாருக்கும் கை நடுங்கும். ஆகவே மனைப்பிரிவு போடத் துடிப்பவர்கள் வரும் முன்னால், திடலுக்குள் உள்ளூர்ப் பெண்கள் போயிருக்க வேண்டும். அமெரிக்காவில் மிச்சமிருக்கும் ஓடுபாதைகளுக்கும், இங்கே இன்னும் திறக்காத ஓடுபாதைகளுக்கும் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.