செயற்கைப் பரிணாமமும் செயற்கை அறிவும்

பரிணாமம் என்னுஞ் சொல் சித்தாந்த நூல்களிற் பயின்றார்க்குப் பால் தயிராதல் போலும் திரிபையே முதற்கண் நினைவூட்டும். ஈண்டு அச்சொல்லாற் குறிக்கப்படுவது அதுவன்று. சார்லஸ் டார்வின் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கிய முறையே. ஓரினத்துப் பிறக்கும் உயிர்கள் தம்முட் சிறுசிறு வேறுபாடுடையன. அவற்றுள் வாழ்க்கைக்கு ஏற்ற வேறுபாடுடையன மிகுதியும் எஞ்சித் தம் வழித்தோன்றல்கட்கு அதனை அளிக்கின்றன. தலைமுறை பல செல்ல இனமே வேறாகின்றது. இம்முறையைக் கணிப்பொறியினுள் நடத்தி, அறிவுடையது போல் ஒழுகும் பொறியொன்றை உண்டாக்கலாமோ என்பதே ஆராயற்பாலது.

இவ்வெண்ணத்தை ஆங்கில நாட்டுக் கணித அறிஞர் ஆலன் டியூரிங் 1950-ஆம் ஆண்டில் மைண்டு என்னும் தத்துவ இதழில் எழுதிய கட்டுரையிலேயே காணலாம். முதிர்ந்தார் மனத்தை ஒத்த பொறியை நேரே இயற்ற முயலாது, குழவி மனத்தை ஒத்ததொன்றை இயற்றிக் கல்வியூட்டலாம் என்றார் அவர். அக்குழவிப் பொறியின் அமைப்பு மரபுவழி வரும் கூற்றுக்கும், அதிற் செய்யப்படும் மாற்றம் உயிர்களில் நேரும் திடீர் மாற்றத்திற்கும், சோதிப்பவரது தீர்ப்பு இயற்கைத் தெரிவிற்கும் ஒப்பாமென்று பொருத்தியுங் காட்டினார். இம்மூன்றாம் ஒப்புமையே ஊன்றிக் கருதற்பாலது. இன்னது வேண்டும் எனக் கருதித் தெரிபவர் ஒருவரை டார்வின் கூறிய முறை வேண்டுவதில்லை. பொறியினிடத்திலோ அத்தகைய ஒருவர் வேண்டப்படுகின்றார்.

இதனைச் செயலிற் காட்டியவருள் முன்னின்றவர் அமெரிக்க நாட்டு லாரன்ஸ் ஃபோகெல். ஆல்வின் ஓவன்ஸ், மைக்கேல் வால்ஷ் என்பாருடன் கூடி அவர் 1966-ஆம் ஆண்டில் இப்பொருள்பற்றியே ஒரு நூல் வெளியிட்டார். வருவதை முன்னுணர்ந்து அதற்கேற்ப ஒழுகுதலே அறிவுடைமைக்கு அடையாளம் என்பது அவர் கொள்கை. ஆதலின், சில நிலைகளை மட்டும் உடைய எளிய பொறிகளைக் கணிப்பொறியில் எழுத்தளவாக அமைத்து, ஒரு குறித்தொடரை ஒவ்வொன்றாகக் காட்டி, அடுத்து வருங்குறி யாதென்று முன்னுரைக்கச் செய்தார். பொறி ஒவ்வொன்றிலும் ஏதேனுமொரு மாற்றம் குருட்டாம்போக்கிற் செய்யப்படும்: ஒரு நிலை கூட்டப்படும், அல்லது நீக்கப்படும், தொடக்கநிலை மாறும், ஒரு நிலையினின்று மற்றொன்றிற்குச் செல்லும் வழி மாறும், விடையாக வருங்குறி மாறும். பெற்றவையும் பிறந்தவையுமாகிய எல்லாம் ஒருங்கே மதிப்பிடப்பட்டு, நன்கு முன்னுரைத்தவை வைத்துக்கொள்ளப்படும், ஏனைய கழிக்கப்படும். நிலைகள் மிகுந்த பொறிக்குச் சிறிது மதிப்புக் குறைப்பும் உண்டு.

அவர் சோதனைகளுள் ஒன்று பகா எண்களைப் பற்றியது. 1, 2, 3 என வரும் எண்களில் ஒவ்வொன்றும் பகா எண்ணோ அன்றோ என்பது குறித்தொடராகத் தரப்பட்டது. பல தலைமுறை கழிந்தபின் மிகச்சிறந்ததாக எஞ்சிய பொறி யாது? ஒரே நிலையுடையதாய், எவ்வெண் வரினும் ‘அன்று’ என்று மட்டுமே கூறும் பொறி. நகைத்தற்கிடனாகத் தோன்றினும் அது குற்றமுடையதன்று. 1 முதல் 1000 வரையுள்ள எண்களிற் பகா எண்கள் 168 மட்டுமே. எப்பொழுதும் ‘அன்று’ என்பது 832 இடங்களில் மெய்யாகின்றது. எண்கள் பெருகப் பெருகப் பகா எண்கள் அருகுதலின் அவ்விடை பின்னும் வலுப்பெறும்.

அற்றேல், அப்பொறி பகா எண்ணின் இலக்கணத்தை உணர்ந்ததோ எனின், உணர்ந்திலது. உணர்தல் அதனிடம் கேட்கப்படவுமில்லை. கேட்கப்பட்டது பிழை குறைதல் ஒன்றே. அதனை அது குறைவற அளித்தது. அரிதாக வருவதைச் சரியாக முன்னுரைத்தலுக்கு மிகுந்த மதிப்பு வைத்து ஆசிரியர் சோதனையை மாற்றிய பின்னரே, 2, 3 என்பவற்றால் வகுபடும் எண்களை விலக்கும் போக்குப் பொறிகளிற் காணப்பட்டது.

முதல், துணை, நிமித்தம் எனக் காரணத்தைப் பகுத்தாராயும் வழக்குடையார், விதித்தொகுதி முதலென்றும், கணிப்பொறி துணையென்றும், மதிப்பை வகுத்த ஆசிரியர் நிமித்தமென்றும் எளிதிற் கூறிவிடக்கூடும். அதற்கு இடமுண்டு, ஆயினும் ஒரு வேறுபாடு உளது. குயவன் தான் வனையப்போகுங் குடத்தை வனைதற்கு முன்னரே அறிவன். இவ்வாசிரியரோ எது தோன்றும் என்பதை அறியார். எதற்கு மதிப்பு என்பதை மட்டுமே வகுத்தார். தாம் கருதியதும் தாம் வகுத்ததும் ஒன்றேயென அவர் நினைத்திருந்தார். பொறிக்குத் தெரிந்தது வகுத்தது மட்டுமே.

கார்ல் சிம்ஸ் என்பார் 1994-ஆம் ஆண்டில், கட்டைகளை இணைத்தாற்போன்ற உடலுடைய உருக்களைக் கணிப்பொறியினுள் இவ்வாறே வளர்த்தார். நீந்துவனவும் நடப்பனவுமாக வியத்தகு உருக்கள் பல தோன்றின. ஆயினும் விரைந்து செல்வதற்கு மதிப்பென்று வைத்துவிடின், நெடிதாய் நின்று விழுதலினாலேயே அவ்விரைவைப் பெறுதலுங் கூடும். ஆகவே உருக்கள் முதலில் தாமாக விழுந்து அடங்கிய பின்னரே விரைவை அளக்குமாறு அவர் ஏற்பாடு செய்தார்.

இதனினும் நுட்பமானது சஸெக்ஸ் பல்கலைக்கழகத்து ஏட்ரியன் தாம்சன் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு. நொடிக்கு 1,000 அதிர்வுடைய ஒலிக்குறியையும் 10,000 அதிர்வுடையதையும் வேறுபிரித்தறியும் மின்சுற்று ஒன்றை, மாற்றியமைத்தற்குரிய சில்லு ஒன்றில் 100 சிற்றறைகளைக் கொண்டு அவர் இம்முறையால் உண்டாக்கினார். நேரங்காட்டும் உறுப்பு யாதும் தரப்படவில்லை. சுற்றுச் செவ்வனே தொழில் செய்தது; ஆனால் எவ்வாறு செய்தது என்பதை அதனை உண்டாக்கியவராலேயே முற்றும் விளக்க இயலவில்லை. ஏனையவற்றோடு இணைப்பே இல்லாத சில அறைகளை நீக்கியபோதும் அது பிறழ்ந்தது. அதே அமைப்பைச் சில்லின் வேறொரு பகுதிக்கு மாற்றியபோது அதன் திறங் குறைந்தது. அவ்விடத்தில் மீண்டுஞ் சில தலைமுறை வளர்த்த பின்னரே அது பழைய செம்மையை அடைந்தது.