மாத்திரையும் மார்பகப் புற்றுநோயும்

வைட்டமின்களை மிகுதியாக உட்கொண்டால் மார்பகப் புற்றுநோய் அணுகாது என்று நம் மாணவியருள் சிலர் நம்புகின்றனர். காசு கொடுத்து வாங்கும் மாத்திரைக்கு அத்தகைய ஆற்றல் உண்டா? ஆராய்ச்சிகள் கண்டதைக் கூறுகிறேன்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 89,500 தாதியரிடம் 1980இல் அவர்தம் உணவைப்பற்றி விரிவாகக் கேட்டறிந்து, எட்டாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 1993இல் முடிவு வெளிவந்தது. ‘சி’, ‘இ’ வைட்டமின்களை மிகுதியாக உட்கொண்டோர்க்குத் தனிக் காப்பு எதுவும் கிட்டவில்லை. ‘ஏ’ வைட்டமினைக் குறைவாகப் பெற்றோரிடம் மட்டும் நோய் சற்று மிகுதி. அக்குறைவே காரணம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. கீரையும் காரட்டும் நிறைய உண்பவர் பிற பழக்கங்களிலும் வேறுபட்டிருக்கலாம். மது அருந்தாதவராக, நாள்தோறும் நடப்பவராக இருக்கலாம். நன்மை எதனால் வந்தது என்று பிரித்தறிவது எளிதன்று.

அதற்கு வழி ஒன்றுண்டு. சீட்டுக் குலுக்கினாற்போல் மக்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு மெய் மாத்திரையும் மற்றதற்குச் சத்தில்லாப் போலி மாத்திரையும் கொடுப்பதே அது. யாருக்கு எது என்பது உண்பவருக்கே தெரியாது! மாதவிடாய் நின்ற 36,282 அமெரிக்கப் பெண்களுக்கு ஏறத்தாழ ஏழாண்டுகள் இவ்வாறு கொடுத்தனர். மெய் மாத்திரையில் சுண்ணாம்புச் சத்தும் ‘டி’ வைட்டமினும் இருந்தன. 2008இல் வெளிவந்த கணக்கைப் பாருங்கள்: மெய் மாத்திரை உண்டோரில் 528 பேருக்கு மார்பகப் புற்றுநோய், போலி உண்டோரில் 546 பேருக்கு. இது தற்செயலாகவே நேரக்கூடிய வேறுபாடு.

ஆகவே இந்நோய்க்கு அஞ்சி மாத்திரைப் புட்டி வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. கருவுற எண்ணும் பெண்ணுக்கு மருத்துவர் தரும் ஃபோலிக் அமிலம் வேறு. அது குழந்தையின் தண்டுவடக் குறையைத் தடுப்பதற்கு. அதனை நிறுத்த வேண்டா.