சென்ட்ரிஃபியூஜுக்குள் குழாய் உடைந்தால்?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் சென்ட்ரிஃபியூஜுக்குள் கண்ணாடிக் குழாய் உடைந்துவிட்டதா? சுவிட்சை அணைத்துவிட்டு 30 நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். ஏன்? சிதறிய ரத்தம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாக உள்ளே மிதக்கும். அவை படிய நேரம் வேண்டும். பிறகு தடித்த கையுறை மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை இடுக்கியால் எடுங்கள்.

அடுத்து பலரும் தேடுவது பிளீச்சிங் கரைசலை. அங்கேதான் தப்பு. பம்ப், மோட்டார் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள்: குளோரின் பட்ட அலுமினியம் அரித்துப்போகும். குழாய்களைத் தாங்கும் அலுமினிய ரோட்டரில் அப்படி விழும் ஊசிமுனைப் பள்ளம், சுழலும் வேகத்தில் விரிசலாகி உடையலாம். அரிக்காத கிருமிநாசினியால் துடைத்து, லேபிளில் சொன்ன நேரம் ஈரமாகவே விட்டு, தண்ணீரால் கழுவி, கவிழ்த்து உலர்த்துங்கள். 70 சதவீத ஆல்கஹால் என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், தீப்பற்றும்.