உயிரணுவின் வாயிலில்

அச்சம் தோன்றியவுடன் நெஞ்சு படபடப்பதேன்? குருதியில் கலக்கும் அட்ரினலின் இதய உயிரணுவினுள் நுழைவதேயில்லை. அணுவின் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஏற்பிப் புரதத்தை வெளிப்புறத்தே பற்றுகிறது, அவ்வளவே. உடனே அப்புரதத்தின் சுருள்கள் சற்றே நகர, உட்புறமுள்ள ஜி புரதம் செய்தியைப் பெற்றுக்கொள்கிறது, துடிப்பு விரைகிறது. நம் இல்லத்துப் பெரியோர் உட்கொள்ளும் அட்டினலால் மாத்திரை, அட்ரினலின் அமரவேண்டிய இடத்தைத் தானே பிடித்துக்கொள்வதால்தான் அத்துடிப்பு தணிகின்றது.

பீட்டா-1 எனப்படும் இவ்வேற்பியின் வடிவம் 2008-இல் கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் தெளிவாயிற்று. ஆய்வுக்குக் கைகொடுத்தது வான்கோழியின் ஏற்பி என்பது வியப்பே! அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பணியாற்றியதும் அவ்வாய்வகத்தில்தான். ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார். இவை தொடர்பற்ற ஆய்வுகள் என எண்ணற்க. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாய்க் கோத்து இவ்வேற்பியை உருவாக்கித் தருவதே ரைபோசோம்தான்.