செரிமான மண்டலமும் செந்தமிழும்

"எல்லாம் ஒரு சாண் வயிற்றுக்காகத்தானே!" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அலுத்துக்கொள்வது உண்டு. ஆனால் அந்த ஒரு சாண் வயிற்றுக்குள் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். "எந்த இடத்தில் வலி?" என்று மருத்துவர் கேட்டால், "வயிறு வலிக்கிறது" என்பதையே திருப்பிச் சொல்லுவோம். அவர் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதித் தரும் நோயின் பெயரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புவோம். பெயர் தெரியாத ஒன்றைப் பற்றி நாம் எப்படிக் கேள்வி கேட்க முடியும்? ஆகவே தோழியரே, நம் வயிற்றின் உறுப்புகளையும் நோய்களையும் அவற்றின் பெயர்களோடு அறிந்துகொள்வோம்.

உணவின் பயணம்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் ஒரு துண்டை வாயில் இடுவதாக வைத்துக்கொள்வோம். பாலும் சீனியும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பண்டம் அது. பற்கள் அதை மெல்ல, உமிழ்நீர் குழைத்து வழுவழுப்பாக்குகிறது. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழல் அதை அலை அலையாகத் தள்ளி இரைப்பையில் சேர்க்கிறது. அங்கே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்னும் நொதியும் பாலின் புரதத்தைச் சிதைக்கத் தொடங்குகின்றன.

அடுத்தது சிறுகுடல். கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் தங்கியிருந்த பித்தநீர் இங்கே வந்து, பாலின் கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக உடைக்கிறது. கணையத்திலிருந்து வரும் நீர் அத்துளிகளைச் செரிக்கச் செய்கிறது. சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகள் சத்துகளை இரத்தத்திலும் நிணநீரிலும் சேர்க்கின்றன. எஞ்சியது சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலை அடைகிறது. அங்கே நீர் உறிஞ்சப்பட்டு, மீதி கழிவாகிறது.

பெயர் பிறந்த விதம்

மருத்துவ நூல்களில் உள்ள பெயர்களைக் கண்டால் நமக்கு அச்சம் உண்டாகிறது. ஆனால் அவை கிரேக்கரும் ரோமரும் கண்ணால் கண்டதைச் சொன்ன எளிய சொற்களே. சிறுகுடலின் முதற்பகுதிக்கு டியோடினம் என்று பெயர். அதற்குப் பன்னிரண்டு என்று பொருள். பன்னிரண்டு விரல்களை அடுக்கி வைத்த அகலம் அதன் நீளம். அடுத்த பகுதி ஜெஜுனம். இறந்தவரின் உடலில் அது வெறுமையாகக் காணப்பட்டதால் 'உண்ணா நோன்பு' என்னும் பொருளில் பெயரிட்டனர். பெருங்குடலின் தொடக்கம் ஒரு பக்கம் அடைபட்டிருப்பதால் சீக்கம், அதாவது 'குருடு' ஆயிற்று. அதிலிருந்து தொங்குவது அப்பெண்டிக்ஸ். அப்பெயருக்குத் 'தொங்குவது' என்றே பொருள்.

தமிழரும் கண்டதைக் கண்டபடியே பெயரிட்டனர். இரையை ஏற்பது இரைப்பை. பித்தத்தைத் தாங்குவது பித்தப்பை. குடலில் வால்போல் இருப்பது குடல்வால்.

நோயின் பெயர்கள்

ஆங்கில நோய்ப்பெயர்கள் பலவற்றின் இறுதியில் 'ஐட்டிஸ்' என்னும் ஒலி வரும். அதற்குத் தமிழில் 'அழற்சி' என்கிறோம். அழல் என்றால் நெருப்பு. சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகிய நான்கும் அழற்சியின் அடையாளங்கள். இந்த ஒரு சொல்லை அறிந்தால் பல பூட்டுகள் திறக்கும். கேஸ்ட்ரைட்டிஸ் என்பது இரைப்பை அழற்சி. ஹெபடைட்டிஸ் என்பது கல்லீரல் அழற்சி. அப்பெண்டிசைட்டிஸ் என்பது குடல்வால் அழற்சி.

இந்தக் குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பிறகு வலப்பக்க அடிவயிற்றில் வந்து நிலைக்கும். காய்ச்சலும் வாந்தியும் சேரலாம். "சூட்டு வலி" என்று பெயரிட்டு விளக்கெண்ணெய் கொடுத்தால் குடல்வால் வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். பெயரைத் தவறாக வைத்தால் மருந்தும் தவறிவிடுகிறது.

மஞ்சள் காமாலை என்பதை நாம் ஒரு நோய் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது ஓர் அடையாளமே. பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் இரத்தத்தில் மிகுவதால் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. அசுத்த நீரால் பரவும் வைரஸ், இரத்தத்தின் வழியே பரவும் வைரஸ், பித்தக்குழாயை அடைக்கும் கல் எனக் காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து எப்படிப் பொருந்தும்? எக்காரணம் என்று இரத்தப் பரிசோதனையால் அறிந்த பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும்.

அல்சர் என்பது புண். இது காரத்தாலும் கவலையாலும் வருவது என்றே நெடுங்காலம் நம்பினர். 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்களான ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமியைப் பிரித்து வளர்த்துக் காட்டினர். அதற்காக 2005இல் நோபல் பரிசு பெற்றனர். அந்தக் கிருமியும், அளவுக்கு மீறி உண்ணும் வலி மாத்திரைகளுமே புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் என இன்று அறிவோம். கிருமியால் வந்த புண்ணை மருந்தால் குணப்படுத்தலாம்.

நெஞ்செரிச்சல் பெரும்பாலும் இரைப்பை அமிலம் மேலே எதுக்களிப்பதால் வருவது. ஆனால் வியர்வையோடு நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அதை 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லி வீட்டில் இருந்துவிடக் கூடாது. அது இதயத்தின் ஓலமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தமிழில் ஒரு மருத்துவப் பள்ளி

"மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா?" என்று ஐயுறுவோர் உண்டு. அதற்கு விடை 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் கிடைத்துவிட்டது. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்தார். மானிப்பாயில் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்ததோடு இளைஞர்களுக்கு மேலை மருத்துவத்தையும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்த அவர், பின்னர் தமிழிலேயே கற்பித்தார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

பாடநூல் இல்லாமல் பாடம் ஏது? ஆகவே தம் மாணாக்கரின் துணையோடு நூல்களைத் தமிழாக்கினார். அறுவைச் சிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867இலும், உடற்கூறு பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர். தமிழில் சொல் இருந்தால் அதை எடுத்தார்; இல்லையேல் வடமொழியை நாடினார்; அதுவும் உதவாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப வளைத்தார். அவர் சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. ஆனால் அவர் இட்ட பாதை அழியவில்லை. தமிழ்நாட்டிலும் 1916இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர்.

நாம் செய்ய வேண்டியது

மருத்துவரின் சொற்கள் ஒருபுறம் இருக்க, நோயாளியின் சொற்கள் நம் வீடுகளில் குவிந்து கிடக்கின்றன. குமட்டல், ஓங்கரிப்பு, பொருமல், உப்புசம், எரிச்சல், குத்தல், பிசைவு, சுருட்டிப் பிடித்தல் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு துன்பத்தைக் குறிக்கும். மலம் கழிந்த பின்னும் கழியாததுபோல் முக்க வைக்கும் உபாதையை மருத்துவ நூல்கள் டெனெஸ்மஸ் என்கின்றன. நம் பாட்டிமார் அதனை 'வயிற்றுக் கடுப்பு' என்று சொல்லிவிடுவர். எவ்வளவு நுட்பமான சொல்! மருத்துவருக்கு இத்தகைய ஒரு சொல் பாதி நோயை விளக்கிவிடும்.

வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் தாய்மார், தம் வயிற்று வலியையும் கடைசியாகவே சொல்கின்றனர். சிலர் சொல்வதே இல்லை. "ஒன்றுமில்லை, வாயுதான்" என்று அம்மா சொன்னால், அதை அப்படியே விட்டுவிடாமல் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எங்கே வலிக்கிறது? எப்போது முதல்? எப்படிப்பட்ட வலி? உண்டால் கூடுகிறதா, குறைகிறதா? விடைகளை ஒரு தாளில் எழுதி அம்மாவுடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சொன்னால், "அது எந்த உறுப்பு, ஐயா? அதில் என்ன கோளாறு?" என்று பணிவோடு கேளுங்கள். கேட்டு அறிந்ததை அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள்.

நம்முள் சிலர் நாளை மருத்துவராகலாம், செவிலியராகலாம். ஆனால் வீட்டில் ஒருவரின் வலியைப் புரிந்து எடுத்துச் சொல்லும் பணியை இன்றே நாம் அனைவரும் தொடங்கலாம் அல்லவா?