குறைந்த எடை திரும்பும்போது

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை முடிந்ததும் எடை மளமளவென்று இறங்கும். ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அது மிகக் குறைந்த அளவைத் தொட்டு நிற்கும். அதன் பிறகு கொஞ்சம் எடை திரும்புவது பெரும்பாலோருக்கு நேர்வதுதான். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 சதவீதம் எடை குறைந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. 120 கிலோ இருந்தவர் 82 வரை இறங்கி, பிறகு 90இல் வந்து நிற்பதைப் போன்றது இது. சிகிச்சை வீணாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. எடை அங்கே நிற்காமல் மேலும் ஏறி, விட்டுப்போன சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறட்டையும் திரும்பும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று வீட்டிலும் வேலையிடத்திலும் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமில்லாத பேச்சு. இந்தியாவில் அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்கும் மேலாகவோ வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற குழாயாக விடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுத்த பகுதியில்தான். ஆகவே முதல் சில மாதங்கள் பசியே தெரியாது. ஆனால் எடை குறையக் குறைய, உடல் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் குறைகிறது, ஓய்வில் செலவாகும் ஆற்றலும் குறைகிறது, பசி மெல்லத் தலைகாட்டுகிறது. மீதமுள்ள குழாயும் ஆண்டுகள் போகப் போகச் சற்று விரியும். எடையைப் பழைய இடத்துக்கே இழுக்கும் இந்த உடல் விசையை மனவுறுதி ஒன்றினால் மட்டும் வெல்ல முடியாது.

இந்த விசையோடு வேலையின் நேரமும் சேர்ந்துகொண்டால் பாடு அதிகம். கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை போன்ற தொழிற்பகுதிகளில் ஒரு வாரம் பகல், மறுவாரம் இரவு என்று ஷிப்ட் மாறி மாறி வருவது வழக்கம். உடலின் உள்கடிகாரம் தூங்கச் சொல்லும் நேரத்தில் சாப்பிட்டு, விழிக்கச் சொல்லும் நேரத்தில் படுத்தால் லெப்டின் குறைகிறது, சர்க்கரையைக் கையாளும் திறனும் கெடுகிறது. இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்தை விரட்ட ஒரு டீ, கூடவே ஒரு வடை. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட ஒரு சின்ன டம்ளர் பால் டீயில் சுமார் 70 கலோரி இருக்கும். ஒரு ஷிப்டில் ஐந்து டீ என்றால் 350 ஆகிவிடும். சுருக்கப்பட்ட இரைப்பை இதில் எதையும் தடுக்காது, ஏனென்றால் திரவம் அதில் தங்குவதில்லை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் இருந்தாக வேண்டியிருந்தது. ஆலைக் கேன்டீனில் நள்ளிரவில் அவித்த முட்டையும் சுண்டலும் சர்க்கரை போடாத டீயும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது தொழிலாளியின் உரிமைப் பேச்சில் இடம்பெற வேண்டிய விஷயம்.

டீயைப் போலவே ஏமாற்றுவது எளிதாக இறங்கும் உணவு. அறுவை சிகிச்சை ஆனவருக்குக் கோழிக்கறியோ சப்பாத்தியோ நாலு வாயில் நெஞ்சை அடைக்கும். டீயில் நனைத்த பிஸ்கட், முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம் எல்லாம் எந்தத் தடையுமின்றி இறங்கும். வலி தராததையே நாக்கு நாடுகிறது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பது பழக்கமாகிறது. 'நான் சாப்பிடுவதே இல்லை' என்று அவர் சொல்வது பொய்யல்ல. தட்டில் போட்டுச் சாப்பிடுவது உண்மையிலேயே குறைவுதான். இதை மாற்றும் வழி, ஒவ்வொரு வேளையும் புரதத்தில் தொடங்குவது. நாளுக்கு 60 கிராம் முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 18 கிராம் இருக்கும். பழவேற்காட்டு மீன் கிடைக்கும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இதற்கு விலை உயர்ந்த பவுடர் டப்பா கட்டாயமில்லை. குழம்பு மீன் மென்மையாகவும் இறங்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடித்தால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும்.

மதுவைத் தனியாகச் சொல்ல வேண்டும். பைபாஸ் ஆனவருக்கு மது விரைவாக ரத்தத்தில் ஏறும், போதையும் கூடும். குடிப்பழக்கம் இல்லாமலிருந்த சிலருக்கு இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு அது பிடித்துக்கொள்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது கலோரிக் கணக்கைவிடப் பெரிய ஆபத்து.

தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் ஆகியவையும் எடையை ஏற்றும். ஆகவே குற்றம் சாட்டுவதற்கு முன் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும்.

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்ப்பது நல்லது. மிகக் குறைந்த எடையிலிருந்து ஐந்து கிலோ ஏறியதுமே மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும். இருபது கிலோ ஏறும்வரை வெட்கத்தில் தள்ளிப்போடுபவர்கள் பலர். அவர்களைத் தடுப்பது வெட்கம் மட்டுமல்ல: சென்னையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் புறநகர் ரயிலில் போய்வர ஒரு நாள் வேலையை விட வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலி. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற அடிப்படைச் சோதனைகளை ஊரிலேயே முடித்துக்கொண்டு, ஆலோசனையைத் தொலைபேசியில் பெறலாமா என்று மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கிறார்கள். அறுவைக்குப் பின் மாத்திரையை நிறுத்தியவர்கள் அவர்களிடம் அதைச் சொல்லி, மறுபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். பி12, இரும்பு, வைட்டமின் டி குறைந்திருக்கிறதா என்பதையும் ஆண்டுக்கொருமுறை அறிய வேண்டும். எடை ஏறும் உடலிலும் இவை குறைந்திருக்கலாம்.

பழக்கங்களைச் சரிசெய்த பிறகும் எடை ஏறினால் மருந்து உண்டு. அறுவைக்குப் பிறகு போதிய பலன் பெறாதவர்களுக்கு லிராகுளுடைட் ஊசி போட்டுச் செய்த ஆய்வில், 24 வாரங்களில் அவர்களின் எடை சுமார் 9 சதவீதம் குறைந்தது என்று 2023இல் வெளியான முடிவுகள் கூறின. இந்தியாவில் 2025இல் டிர்செபடைட் ஊசியும், எடைக் குறைப்புக்கான செமாகுளுடைட் ஊசியும் விற்பனைக்கு வந்தன. ஊசியை நிறுத்தினால் எடையின் பெரும்பகுதி திரும்பும் என்பதால், மாதச் செலவை ஆண்டுக்கணக்கில் தாங்க முடியுமா என்று முதலிலேயே பேசிவிட வேண்டும்.

கடைசி வழி மறு அறுவை. ஸ்லீவை பைபாஸாக மாற்றுவது இதில் பரவலானது. கடும் நெஞ்செரிச்சல் இருப்பவருக்கு அது இரட்டைப் பயன் தரும். ஆனால் சிக்கல்கள் முதல் அறுவையைவிட அதிகம். அதனால் எண்டோஸ்கோபி, ஸ்கேன் மூலம் இரைப்பை உண்மையில் விரிந்திருக்கிறதா, பழைய தையலில் வழி ஏதும் உண்டாகியிருக்கிறதா என்று பார்த்த பின்பே முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்கு, முதலில் நடந்தது எந்த அறுவை என்று தெரிந்தாக வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, அதையும் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.